ஏழு முடிச்சு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நடந்ததில் பாதி அந்தக் கோபத்தால் நடந்தது. சமையலில் உப்பு இல்லை என்று சொல்லுங்கள், பொறுத்துக்கொள்வேன். நான் சொன்ன அளவு தப்பு என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது.

பதினோரு வருடமாக எனக்கு ஆழம் பார்க்கிற வேலை. எங்கள் குடாவில் முதலாளியின் சிப்பிப் பண்ணை இருக்கிறது. நாற்பது மரத் தெப்பங்கள், ஒவ்வொன்றிலிருந்தும் தண்ணீருக்குள் தொங்கும் நூற்றுக்கணக்கான கயிறுகள், அந்தக் கயிறுகளில் கொத்துக் கொத்தாக ஒட்டி வளரும் கறுப்புச் சிப்பிகள். கயிற்றின் நுனி தரையைத் தொடவே கூடாது. தொட்டுவிட்டால் நட்சத்திர மீன்கள் அதைப் பிடித்து ஏறி, அடியிலிருந்து மேல்வரை சிப்பியைத் தின்று தீர்த்துவிடும். அதனால் திங்கள்கிழமை தோறும் நான் தெப்பம் தெப்பமாகப் போய் ஈயக்குண்டு கட்டிய அளவுக் கயிற்றை இறக்கி, தரை எத்தனை முடிச்சில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஏழு முடிச்சு ஆழம், ஐந்து முடிச்சுக்குச் சிப்பிக் கயிறு, இரண்டு முடிச்சு இடைவெளி. பண்ணையில் எல்லோரும் என்னை அளவுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஒரு முடிச்சு என்பது ஒரு பாகம். ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம். இதை யாரும் யாருக்கும் விளக்கியதில்லை.

கயிறு நனைந்து நனைந்து நீளும். அதனால் ஒவ்வொரு வருடமும் பருவம் தொடங்குவதற்கு முன் முடிச்சுகளைச் சரிசெய்வோம். அதற்கு ஒரு முறை வைத்திருந்தோம். முதல் தெப்பத்தின் பலகையில், பண்ணை தொடங்கிய நாளில் யாரோ வெள்ளைப் பெயிண்டால் 'ஏழு' என்று எழுதியிருந்தார்கள். அங்கே குண்டை இறக்குவேன். கயிறு ஆறே முக்கால் காட்டினால் கயிறு நீண்டுவிட்டது என்று அர்த்தம். நனைந்த நீளத்தை ஏழாக மடித்து முடிச்சுகளைப் புதிதாகப் போட்டுவிடுவேன். மறுபடி ஏழு சரியாக வரும். ஒரு வருடம் பழைய கயிற்றைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுக் கயிறு வாங்கினோம். கடையிலேயே பாகம் பாகமாக அளந்து முடிச்சுப் போட்டு வாங்கி வந்தது. முதல் நாளே முக்கால் முடிச்சு நீண்டிருந்தது. கடைக்காரரிடம் போய் வாய்க்கு வந்தபடி திட்டினேன். பாவம், அந்த மனுஷன் பேசாமல் கேட்டுக்கொண்டார். நான் திரும்பி வந்து முடிச்சுகளை ஏழாக மாற்றிப் போட்டேன்.

சிப்பிக் கயிறுகளையும் என் முடிச்சு வைத்துத்தான் வெட்டினார்கள். அதனால் எதுவும் எதிலும் இடிக்கவில்லை. கயிற்றுக்குக் கயிறு சிப்பி மட்டும் வருடா வருடம் குறைந்துகொண்டு வந்தது. முதலாளி அதற்கு ஒரே மருந்து வைத்திருந்தார்: இன்னும் கொஞ்சம் கயிறு கட்டு.

என் அக்காவும் அத்தானும் அதே குடாவில் வலை போட்டுப் பிழைத்தவர்கள். நானும் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன். தனியாளுக்கு ஒரு அறை, மூன்று வேளைச் சாப்பாடு, சண்டை போட ஆள். பண்ணை பெருகப் பெருக அத்தானின் வலையில் மீன் குறைந்தது. தெப்பங்களுக்கு அடியில் மட்டும் மீன் கூட்டம் கூட்டமாக நின்றது. அங்கே வலை போட அனுமதி கிடையாது.

"பண்ணை வந்தப்புறம் மீன் பெருகிப்போச்சு, பாத்தீங்களா?" என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார்.

"பெருகல," என்பார் அத்தான் வீட்டில். "ஊர்ல இருக்கிறதெல்லாம் அங்க வந்து ஒதுங்கியிருக்கு. முட்டையும் குஞ்சும் தண்ணியில மிதந்துதானே வரும்? உங்க சிப்பி மிதக்கிறதையெல்லாம் உறிஞ்சிடுது. நீங்க வளக்கிறது சிப்பி இல்ல, சல்லடை."

தண்ணீர் தெளிந்துகொண்டே வந்ததும் உண்மைதான். முன்பு கையை விட்டால் விரல் தெரியாத தண்ணீர், இப்போது மூன்று ஆள் ஆழத்துக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் படகில் அழைத்து வந்து இந்தச் சுத்தத்தைக் காட்டினார்கள். அத்தான் மட்டும் அந்தத் தண்ணீரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "சோறு இல்லாத பானையும்தான் சுத்தமா இருக்கும்," என்றார் ஒருநாள். நான் சிரித்தேன்.

வலையை விட்டுவிட்டு அவர்கள் கூண்டில் மீன் வளர்க்கத் தொடங்கியது இரண்டு வருடத்துக்கு முன்பு. வட்டமான மிதவை வளையம், அதிலிருந்து தொங்கும் வலைப் பை, அதற்குள் சுண்டுவிரல் அளவில் விட்ட குஞ்சுகள். கரையோரமாக நிறுத்தி, அக்கா நாளுக்கு மூன்று தடவை துடுப்புப் போட்டுப் போய்த் தீனி போட்டாள். இப்போது ஒவ்வொன்றும் முழங்கை நீளம். இன்னும் ஒரு மாதத்தில் பிடிக்க வேண்டும். இதுவும் கைவிட்டால் ஊரைக் காலிசெய்து அத்தானின் அண்ணன் இருக்கும் நகரத்துக்குக் கிடங்கு வேலைக்குப் போவது என்று இருவரும் பேசி முடித்திருந்தார்கள். அக்கா போய்விட்டால் எனக்கு இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? அதனால் அந்தக் கூண்டின் மேல் எனக்கும் ஒரு கண் இருந்தது.

அந்த வாரம் காற்று நின்றுபோனது. ஒரு இலை அசையவில்லை. கடல் எண்ணெய் ஊற்றினதுபோல் கிடந்தது. திங்கள்கிழமை நான் ஆழம் பார்க்கப் போனபோது தெப்பங்களுக்கு அடியில் ஒரு மீன்கூட இல்லை. நங்கூரக் கயிறுகளில் நண்டுகள் வரிசையாக ஏறி, தண்ணீருக்கு மேலே வந்து வெயிலில் தொங்கிக்கொண்டிருந்தன. கையைத் தட்டினேன், விழவில்லை. குச்சியால் தட்டிவிட்டேன். விழுந்தது மறுபடியும் அதே கயிற்றைத் தேடிப் பிடித்து ஏறியது. கீழே என்ன இருக்கிறது என்று இதற்கு இத்தனை பயம் என்று நினைத்தேன், அதற்கு மேல் நினைக்கவில்லை.

ஈயக்குண்டின் அடியில் சிறு குழி உண்டு. அதில் கிரீஸ் அப்பி இறக்குவேன். தரையில் இருப்பது ஒட்டிக்கொண்டு வரும். முதல் வருடம் மணலும் புல் துணுக்கும் வந்தது. பிறகு உடைந்த சிப்பி ஓடு. கடைசி மூன்று நான்கு வருடமாகக் கறுப்புச் சேறு, அழுகிய முட்டை நாற்றம். துணியில் துடைத்துவிட்டு அடுத்த தெப்பத்துக்குப் போவேன். சேறு என் வேலை இல்லை, ஆழம்தான் என் வேலை. அன்று குண்டு மேலே வந்தபோது கறுப்புக்கு மேல் பஞ்சுபோல் ஒரு வெள்ளைப் படலம் ஒட்டியிருந்தது. நாற்றத்தில் கண் எரிந்தது. நோட்டில் 'ஏழு' என்று எழுதினேன்.

அன்று சாயங்காலம் அக்கா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். முகம் வாடியிருந்தது.

"ஓரத்துல தண்ணி கை வச்சா சுடுதுடி. ரெண்டு நாளா மீனு தீனி எடுக்கல. என்ன பண்றதுன்னே தெரியல."

"கூண்ட இழுத்துட்டு வந்து தெப்பத்துக்கு நடுவுல நிறுத்து. ஆழமும் இருக்கு, நெழலும் இருக்கு. முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன்."

அத்தான் உள்ளேயிருந்து கேட்டார்: "ஆழம் எவ்வளவு இருக்கும்? நம்ம வலை அஞ்சு பாகம் தொங்குது."

"ஏழு."

"நல்லாத் தெரியுமா?"

என் காது சிவந்தது. "பதினோரு வருஷமா நான் என்ன கல்லெறிஞ்சா விளையாடிட்டு இருக்கேன்? ஏழுன்னா ஏழு."

"சரி சரி, அளவுக்காரி சொன்னா அப்பீல் ஏது," என்று அத்தான் சிரித்தார். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் பாதி பாரம் இறங்கியிருந்தது. அந்தப் பார்வைக்காக நான் எதையும் செய்திருப்பேன்.

செவ்வாய்க்கிழமை மூன்று பேருமாகக் கூண்டை இழுத்துக்கொண்டு போய் ஒன்பதாம் தெப்பத்துக்கும் பத்தாம் தெப்பத்துக்கும் நடுவில் நிறுத்தினோம். மேல் தண்ணீர் ஓரத்தைவிடக் குளுமையாகத்தான் இருந்தது. மீன்கள் அன்றே கொஞ்சம் தீனி எடுத்தன. அக்கா குழந்தைபோல் கை தட்டினாள்.

புதன்கிழமை காலையில் அத்தான் நங்கூரத்தைச் சரிபார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"கயிறு ரொம்பத் தொய்யுதே. ஏழு பாகத்துக்குக் கணக்குப் பண்ணி என் கையாலதான் அளந்தேன். கிட்டத்தட்ட ரெண்டு பாகம் மிச்சம் கெடக்குது."

"உங்க கை அவ்வளவு நீளமா அத்தான்? எண்ணும்போது தூங்கியிருப்பீங்க."

அவர் பதில் பேசாமல் போய்விட்டார். அவர் பேசியிருந்தால் நான் சண்டை போட்டு மறந்திருப்பேன். பேசாமல் போனதுதான் உறுத்தியது.

மத்தியானம் கொட்டகையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அளவுக் கயிற்றை எடுத்தேன். ஒரு முடிச்சை இடது கை விரலில் பிடித்துக்கொண்டு இரண்டு கையையும் விரித்தேன். அடுத்த முடிச்சு வலது கை விரலுக்கு வரவேண்டும். முழங்கையோடு நின்றுவிட்டது.

அடுத்த முடிச்சைப் பிடித்து விரித்தேன். அதுவும் முழங்கை. ஏழையும் பார்த்தேன். பிறகு என் கைமேல் சந்தேகப்பட்டு, இரும்பு டேப்பை எடுத்து வந்து அளந்தேன். ஏழு முடிச்சும் சேர்ந்து ஐந்தேகால் பாகம்தான் வந்தது.

கயிறு நீளவே இல்லை. தரைதான் ஏறியிருக்கிறது. பதினோரு வருடமாக நாற்பது தெப்பத்துச் சிப்பியின் கழிவும் உதிர்ந்த ஓடும் செத்த சிப்பியும் கீழே விழுந்து விழுந்து, அழுகி அழுகி, மூன்று மீட்டருக்கு மேடு தட்டியிருக்கிறது. ஒவ்வொரு வருடமும் கயிறு அதை என்னிடம் சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு வருடமும் நான் உட்கார்ந்து அதன் வாயைக் கட்டியிருக்கிறேன்.

அக்காவிடம் ஓடவில்லை. முதலாளியின் அறைக்குப் போனேன். ஏன் அங்கே போனேன் என்று கேட்டால், அங்கே போனால் தப்பு எனக்கு மட்டும் சொந்தமில்லை என்று யாராவது சொல்வார்கள் என்றுதான்.

முதலாளி கெட்டவர் இல்லை, பயந்தவர். கயிற்றையும் டேப்பையும் மாறி மாறிப் பார்த்தார். மின்விசிறிக்குக் கீழேயே அவருக்கு வியர்த்தது.

"நாளைக்குக் காலைல மீன்வளத்துறை ஆபீசர் வர்றாரும்மா. புதுசா பத்துத் தெப்பம் கேட்டிருக்கோம். இப்பப் போய்க் கூண்ட அவசர அவசரமா இழுத்தா கரையில இருக்கிறவன் எல்லாம் என்ன ஏதுன்னு கேப்பான். அவர் வந்துட்டுப் போகட்டும். மத்தியானம் நானே ஆள் விட்டு இழுத்துத் தர்றேன். ஒரு நாள்ல என்ன ஆயிடப் போகுது?"

"வலை அஞ்சு பாகம் தொங்குதுங்க."

"நீயே அஞ்சேகால்னு சொல்றியே. தொடாதுல்ல?"

மறுநாள் பௌர்ணமி. நீர் மிகவும் வற்றுகிற நாள். அரைப் பாகமாவது இறங்கும். இது எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. நீர் ஏறும் நேரமும் வற்றும் நேரமும் நோட்டில் எழுதுவது நான்தான். இருந்தும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அன்றைக்கு வீட்டில் அக்கா வெகுநாளைக்குப் பிறகு பாட்டு முணுமுணுத்துக்கொண்டே சாப்பாடு போட்டாள். "உன் புண்ணியம்டி," என்று என் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள். வாய்வரை வந்தது. அத்தான் எதிரில் உட்கார்ந்திருந்தார். காலையில் அவரைப் பார்த்துத் தூங்கியிருப்பீர்கள் என்று சொன்ன அதே வாயால், உங்கள் கைதான் சரி என்று சொல்ல வேண்டும். சாப்பாட்டை அதோடு சேர்த்து விழுங்கினேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் நாற்றம் வீட்டு ஜன்னலுக்கே வந்துவிட்டது. அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். மூன்று பேரும் படகில் ஏறினோம். போகப் போகத் தண்ணீரின் நிறம் மாறியது. நேற்றுவரை கண்ணாடியாக இருந்த தண்ணீர், தெப்பங்களுக்கு நடுவில் பால் கலந்தது போல் வெளுத்துக் கிடந்தது. கூண்டின் மிதவை வளையம் முழுக்க நண்டுகள், கால் வைக்க இடமில்லாமல். உள்ளே மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டித் திறந்து திறந்து மூடின. ஆயிரக்கணக்கான வாய்கள். சப்புக் கொட்டுவது போல அந்தச் சத்தம் ஒன்றுதான் அந்தக் காலையில் கேட்டது.

"இழுங்க," என்று அக்கா அத்தானிடம் சொன்னாள். "வெளிய இழுத்துட்டுப் போயிரலாம். சீக்கிரம்."

அத்தான் படகைக் கூண்டோடு கட்டி இயந்திரத்தில் கை வைத்தார்.

"வேணாம்," என்றேன். "இழுக்காதீங்க. வலையோட அடி சேத்துல கெடக்கு. இழுத்தா அழுகல் மொத்தத்தையும் கலக்கி விட்டுரும், மீனுக்கு மூச்சு இருக்காது. மொதல்ல வலைய மேல தூக்கணும்."

அத்தான் திரும்பிப் பார்த்தார். "சேத்துலயா? ரெண்டு பாகம் இடைவெளி இருக்குன்னியே."

"தூக்குங்க அத்தான். அப்புறம் பேசிக்கலாம்."

வளையத்தில் ஆளுக்கொரு பக்கம் மண்டியிட்டு வலையைக் கைமாற்றிக் கைமாற்றித் தூக்கினோம். நண்டுகள் முழங்கைமேல் ஏறின, உதறக்கூட நேரமில்லை. முதல் நான்கு பாகமும் வெறும் வலையாக வந்தது. அதன்பிறகு கறுப்பாக வந்தது. தார் தோய்த்தது போல் கறுப்பு, அதில் வெள்ளைப் படலம், அதற்குள் வயிறு மேலாகச் செத்துப்போன மீன்கள். இரவிலேயே செத்தவை. அக்கா ஒவ்வொன்றையும் எடுத்து வெளியே போட்டாள். கொஞ்ச நேரத்தில் எடுப்பதை நிறுத்திவிட்டாள். மேலே வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தவையும் ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் சாய்ந்தன. தூக்கியதில் கிளம்பிய சேறு போதுமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் ஆபீசரின் படகு வந்தது. முதலாளி முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஆபீசர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, செத்து மிதந்த மீனையும் வெளுத்த தண்ணீரையும் பார்த்தார்.

"இங்க ஆழம் எவ்வளவு?"

"ஏழு பாகம் சார்," என்றார் முதலாளி. "வெயில்ல இப்படி ஆகும். கூண்டு மீன்தானே, நெரிசல்."

ஆபீசர் நோட்டில் எழுதப் போனார். நெரிசல் என்ற சொல்லைக் கேட்டு அக்கா தலை நிமிர்ந்தாள். தீனி போட்டு வளர்த்தவள்மேல் பழி போகிறது என்று அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. எனக்கு வந்தது கோபமா அழுகையா என்று இன்றும் தெரியாது.

"ஏழு இல்ல சார்," என்றேன். "அஞ்சேகால். இந்த வற்றத்துக்கு அஞ்சுகூட இல்ல. தரை ஏறியிருக்கு. எல்லாத் தெப்பத்துக்கும் கீழ ஏறியிருக்கு. பதினோரு வருஷமா நான்தான் தப்பா அளந்தேன். கயிற டேப்பு வச்சு அளந்து பாருங்க, கொட்டகையில இருக்கு."

முதலாளி என்னைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்தார். ஆபீசர் எழுதியதை அடித்தார். தன் படகுக்காரரிடம் கொட்டகைக்குப் போகச் சொன்னார். புதுத் தெப்பம் இனி வராது. அது எனக்கு அப்போதே தெரிந்தது, அதனால் யாருக்கு என்ன லாபம் என்பது தெரியவில்லை.

படகு போன பிறகு அக்கா கேட்டாள். குரல் உயரவே இல்லை.

"டேப்பு வச்சு எப்ப அளந்த?"

பொய் சொல்லியிருக்கலாம். இன்று காலை என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். நான் சொல்லும் அளவை எப்போதும் நம்பினவள் அவள்தான்.

"நேத்து மத்தியானம்."

நேற்று மத்தியானத்திலிருந்து நீர் வற்றத் தொடங்கும்வரை எத்தனை மணி நேரம் இருந்தது என்று மனதுக்குள் எண்ணுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. கூண்டை இழுக்க ஒரு மணி நேரம் போதும். அவள் கையில் வலை இருந்தது. அதை விட்டாள். கறுப்பு வலை மெதுவாகத் திரும்பக் கீழே போனது. மிச்சமிருந்த மீன்களில் ஒன்று அவள் பக்கத்தில் வந்து வாயைத் திறந்தது, தீனி போடுகிற கை என்று நினைத்திருக்கும்.

"இவள இவ தெப்பத்துலயே எறக்கி விட்டுருங்க," என்று அத்தானிடம் சொன்னாள். "நாம வீட்டுக்குப் போயி மூட்டை கட்டணும்."

அத்தான் கயிற்றை அவிழ்த்துப் படகைத் திருப்பினார். பத்தாம் தெப்பத்தின் பலகையில் ஏறி நின்றேன். கீழே கயிறுகளில் சிப்பிகள் நுனியிலிருந்து ஒவ்வொன்றாகச் செத்து வாய் பிளக்கத் தொடங்கியிருந்தன. அக்கா கரை சேரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.